குழுவின் ஊக்கத்தை அளக்கும் வினாப்பட்டியலைச் சரிபார்ப்பது எப்படி?

அளவுகோல் ஒன்றைத் தமிழாக்கி, சில நூறு பேரிடம் நிரப்பி வாங்கி, குரோன்பாக் ஆல்பா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) 0.9 வந்ததும் ‘ஏற்புடைமை நிறுவப்பட்டது’, அதாவது அளக்க வந்ததையே கருவி அளக்கிறது, என்று எழுதி முடிக்கும் ஆய்வேடுகள் நம்மிடையே ஏராளம். தனிமனிதரின் வேலைத் திருப்தியை அளக்கும் கருவிக்கே அது போதாது. ஒரு குழுவுக்குப் பொதுவாக உள்ள ஊக்கத்தை அளக்க வந்த கருவிக்கு அது தொடக்கம்கூட ஆகாது. ஆல்பாவை 1951-இல் முன்வைத்த லீ குரோன்பாக்கே, நான்கு ஆண்டுகள் கழித்துப் பால் மீலுடன் சேர்ந்து, ஓர் அளவுகோலின் ஏற்புடைமை என்பது அக்கருத்தைச் சுற்றியுள்ள தொடர்புகளின் வலைப்பின்னல் முழுவதையும் சோதித்துப் பெறவேண்டியது என்று எழுதினார். இராமநாதபுரம் கடற்கரையின் தொழிற்குழுக்களிடம் அத்தகைய அளவுகோலைச் சரிபார்க்க முனையும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

எதை அளக்கிறோம்?

கூட்டு ஊக்கம் என்ற கருத்தைப் பணியிட ஆய்வுகளில் விரிவாக வளர்த்தவர்கள் சுவிட்சர்லாந்தின் சென் காலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைக்கே புரூகும் அவருடன் பணியாற்றிய பெர்ண்ட் ஃபோகலும் ஆவர். இவர்கள் மைக்கேல் கோலுடன் இணைந்து 2012-இல் வெளியிட்ட அளவுகோலில் 14 கூற்றுகள் உள்ளன. அவை உணர்வு, சிந்தனை, செயல் ஆகிய மூன்று கூறுகளின்கீழ் வருகின்றன. வேலை குறித்து உறுப்பினர்கள் சேர்ந்து உணரும் உற்சாகம் முதலாவது. சிக்கலைத் தீர்க்க ஒன்றாக யோசிக்கும் விழிப்பு இரண்டாவது. இலக்கை நோக்கி ஒன்றாகப் பாடுபடுவது மூன்றாவது. அந்த அளவுகோலையே தமிழாக்குவதானால் ஆசிரியர்களின் அனுமதியை முதலில் பெறவேண்டும். புதிதாக ஒன்றை உருவாக்குவதானால் இம்மூன்று கூறுகளையும் ஏற்கிறீர்களா, மாற்றுகிறீர்களா என்பதை ஒரு பக்கத்திலாவது எழுதி வைத்துக்கொண்டு பிறகு கூற்றுகளுக்குச் செல்லவேண்டும்.

இதில் மறக்கக்கூடாதது ஒன்றுதான். மீன்பாடு படகுக்கு உரியது போல இங்கே மதிப்பெண்ணும் குழுவுக்கு உரியது. ஐந்து பேர் தனித்தனியே சுறுசுறுப்பானவர்களாக இருந்தும் அவர்கள் ஏறிய படகில் ஊக்கம் இல்லாமல் போகலாம். ஆகவே கூற்றின் சொல்லமைப்பு, மாதிரித் தேர்வு, பகுப்பாய்வு, அறிக்கை என எல்லாக் கட்டத்திலும் குழுவையே அலகாகக் கொள்ளவேண்டும். இடையில் எங்காவது தனிநபருக்குத் தாவிவிட்டால் அதற்குப் பின் வரும் எண்கள் வேறொன்றைப் பற்றியவை ஆகிவிடும்.

கூற்றுகளை அமைத்தல்

‘நான் உற்சாகமாக வேலை செய்கிறேன்’ என்ற கூற்றுக்கான பதில்களைக் கூட்டிச் சராசரி கண்டால் கிடைப்பது உற்சாகமான தனிநபர்களின் சராசரி. ‘எங்கள் படகில் இருப்பவர்கள் உற்சாகமாக வேலை செய்கிறார்கள்’ என்று கேட்டால்தான் ஒவ்வொருவரும் குழுவைப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு கிடைக்கும். டேவிட் சான் 1998-இல் வகுத்த வகைப்பாட்டில் இவை இரண்டும் வெவ்வேறு வகைகள். கூட்டு ஊக்கத்திற்குப் பொருந்துவது இரண்டாவதே.

காகிதத்தில் கூற்றைத் திருத்திவிட்டால் மட்டும் பதிலளிப்பவரின் மனத்தில் அது மாறிவிடாது. எனவே களத்துக்குப் போகுமுன் பத்துப் பதினைந்து பேரிடமாவது கூற்றைப் படித்துக்காட்டி, எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று விசாரிக்கவேண்டும். ‘அண்ணே, இதுக்கு நாலுன்னு சொன்னீங்க, யாரை மனசுல வச்சுச் சொன்னீங்க?’ என்று கேட்டால், ‘வேற யாரை, என்னையத்தான். மத்தவுக மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?’ என்ற பதில் வரக்கூடும். அப்படி வந்தால் அந்தக் கூற்றில் உள்ளத்தைப் பற்றிய சொல் அதிகமாகவும் கண்ணுக்குத் தெரியும் செயல் குறைவாகவும் இருக்கிறது என்று பொருள். ‘வலையில் சேதம் கண்டால் யாரும் சொல்லாமலே சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்வார்கள்’ என்பது போன்ற கூற்றுக்கு அடுத்தவர் மனத்துக்குள் நுழைந்து பார்க்கவேண்டியதில்லை. உணர்வுக் கூறுக்கும் முகத்திலும் பேச்சிலும் தெரிவதைக் கேட்கலாம்.

‘குழு’ என்ற சொல்லையும் இந்த விசாரணையில் சோதிக்கவேண்டும். முனைக்காடு, ஓலைக்குடா பகுதிகளில் மூங்கில் மிதவைகளில் பாசி வளர்க்கும் பெண்களிடம் ‘உங்கள் குழு’ என்றால் கடனும் சேமிப்பும் நடத்தும் சுய உதவிக் குழுவை நினைத்துப் பதில் சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு. மிதவை கட்டுபவர்களும் அந்தக் குழுவினரும் எல்லா இடத்திலும் ஒரே ஆட்கள் அல்லர். ‘உங்களோடு சேர்ந்து மிதவை வேலை பார்ப்பவர்கள்’ என்று விரித்துச் சொல்வது நீளமானாலும் தெளிவானது. விசைப்படகுக்கு ‘உங்கள் படகில் வருபவர்கள்’, கரைவலைக்கு ‘உங்கள் வலையில் இழுப்பவர்கள்’ என்று மூன்று வடிவங்களை வைத்துக்கொள்ளலாம். கூற்றின் மற்றப் பகுதி மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். பின்னால் குழு வகைகளை ஒப்பிடும்போது இந்த ஒழுங்குதான் கைகொடுக்கும்.

எதிர்மறைக் கூற்றுகளை நான் பரிந்துரைப்பதில்லை. படித்துக்காட்டிப் பதில் வாங்கும்போது ‘ஆர்வம் இல்லாமல் இருப்பதில்லை’ என்ற வகைத் தொடருக்கு ‘ஆமாம்’ என்று சொன்னவர் எதை ஒப்புக்கொண்டார் என்பது கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. ஐந்து நிலைப் பதில்களை வாயால் அடுக்குவதைக் காட்டிலும், சிறியதிலிருந்து பெரியதாக ஐந்து வட்டங்கள் வரைந்த அட்டையைக் காட்டித் தொடச் சொல்வது நல்லது. கால எல்லையும் கூற்றுக்குள் இருக்கவேண்டும். ‘கடந்த இரண்டு வாரங்களில்’ என்பது பொதுவாகப் போதும்.

உள்ளடக்க ஏற்புடைமைக்கு, அதாவது கூற்றுகள் கருத்துக்கு உரியவையா என்று பார்க்க, லாஷே 1975-இல் தந்த விகிதத்தைப் பயன்படுத்தலாம்: இன்றியமையாதது என்றவர்கள் பாதிப் பேரைவிட எத்தனை பேர் அதிகம் என்பதை அந்தப் பாதி எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். பத்து வல்லுநர்களுள் எட்டுப் பேர் ஒரு கூற்றை இன்றியமையாதது என்றால் விகிதம் 0.60, அவருடைய அட்டவணைப்படி பத்துப் பேருக்கான கீழெல்லை 0.62 என்பதால் அக்கூற்று மயிரிழையில் தவறுகிறது. ஒன்பது பேர் சொன்னால் 0.80 ஆகித் தேறுகிறது. வல்லுநர் என்றதும் பத்துப் பேரையும் பல்கலைக்கழகத்திலிருந்தே அழைப்பது நம் வழக்கம். படகு டிரைவர் இருவர், கரைவலைச் சம்மாட்டி (வலையின் உரிமையாளர்) ஒருவர், பாசி வளர்ப்பில் மூத்த பெண்கள் இருவர் அதில் இருந்தாகவேண்டும். ஒரு கூற்று அந்த வேலையில் நடக்கக்கூடியதா என்பதை உளவியல் பேராசிரியரால் சொல்ல முடியாது.

யாரிடம், எந்த மாதத்தில்

பதிலாளிகளை எண்ணாமல் குழுக்களை எண்ணுங்கள். இரு மட்டக் காரணிப் பகுப்பாய்வுக்கு (எந்தக் கூற்றுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை ஆட்கள், குழுக்கள் என இரு மட்டத்திலும் பார்ப்பது) நூறு குழுக்களாவது வேண்டும் என்பது பரவலான அறிவுரை. படகுக்கு ஐந்து பேர் என்றால் ஐந்நூறு பேர். இராமேசுவரம், பாம்பன், மண்டபம் இறங்குதளங்களில் இது எட்டக்கூடிய எண்ணிக்கையே என்றாலும், படகுக்கு ஒருவர் வீதம் ஐந்நூறு படகுகளில் கேட்டுவிட்டு அதே எண்ணைக் காட்டுவது பயனற்றது. குழுவுக்குள் ஒத்த கருத்து உள்ளதா என்பதை ஒருவரை வைத்துச் சோதிக்க இயலாது. ஒரு குழுவில் குறைந்தது மூவர், முடிந்தால் எல்லோரும் பதிலளிக்கவேண்டும். கரைவலையில் இழுப்பவர்கள் இருபது முப்பது பேராக இருப்பதால் அங்கே குலுக்கல் முறையில் பத்துப் பேரை எடுத்துக்கொள்ளலாம்.

காலத்தைத் தேர்வதில் இக்கடற்கரைக்கென்று கவனிக்கவேண்டியவை அதிகம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அப்போது ஆட்கள் வெவ்வேறு வேலைக்குப் பிரிந்துவிடுவதால் ‘கடந்த இரண்டு வாரங்களில் உங்கள் படகில்’ என்ற கேள்விக்குப் பொருளில்லை. தடை முடிந்ததும் சிலர் வேறு படகுக்கு மாறியிருப்பார்கள். எனவே மறுசோதனை நம்பகத்தன்மைக்கான (அதே குழுவை இருமுறை கேட்டு ஒப்பிடுவது) இரண்டு சுற்றுகளும் ஒரே பருவத்துக்குள் முடியவேண்டும். கடலில் படகுகள் பிடிபட்டு வேலைநிறுத்தம் நடக்கும் வாரங்களையும் தவிர்க்கவேண்டும்.

காற்று அடுத்த சிக்கல். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கிறது; தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கிறது. வடக்குக் கடலில் ஒரு பாதியையும் தெற்குக் கடலில் மறுபாதியையும் ஒரே மாதத்தில் கேட்டால், குழுக்களிடையே தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு காற்றினால் வந்தது என்று பிரித்தெடுக்க முடியாமல் போய்விடும். ஒரே பக்கத்தில் தரவு திரட்டுவது எளிய தீர்வு. இரு பக்கமும் வேண்டுமென்றால் இரு பருவங்களிலும் திரட்டவேண்டும்.

பதில் வாங்கும் இடம் உரிமையாளரின் காதுக்கு எட்டாததாக இருக்கவேண்டும். ஏலக்கூடம் இதற்கு ஆகாது. வலை பழுது பார்க்கும் நிழலில் ஒவ்வொருவராகத் தள்ளி அமர்ந்து கேட்கலாம். ஒரே படகில் மாமனும் மருமகனும் வருவது இங்கே இயல்பு. மற்றவர் முன்னிலையில் கேட்டால் மரியாதைக்காகச் சொன்ன பதில்களே சேரும். படகின் பதிவு எண்ணைத் தரவுக் கோப்பில் எழுதக்கூடாது. அந்த எண்ணை வைத்து ஊரில் யார் வேண்டுமானாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தனிக் குறியீடு கொடுத்து, இரண்டையும் இணைக்கும் பட்டியலை வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.

ஒரு படகில் ஒரு கருத்தா?

சராசரி காண்பதற்கு முன் குழுவுக்குள் உடன்பாடு இருப்பதைக் காட்டவேண்டும். ஜேம்ஸ், டெமாரி, உல்ஃப் மூவரும் 1984-இல் தந்த ஆர்டபிள்யூஜி என்ற குறியீடு இதற்கானது. ஐந்து நிலைப் பதிலில் எல்லோரும் தோன்றியபடி சமவாய்ப்பில் பதிலளித்தால் விலக்க வர்க்கச் சராசரி, அதாவது பதில்களின் சிதறலைக் காட்டும் அளவு, 2 ஆக இருக்கும். உண்மையில் வந்த விலக்க வர்க்கச் சராசரியை இதனால் வகுத்து, 1-இலிருந்து கழித்தால் குறியீடு கிடைக்கும். ஒரு படகில் ஆறு பேர் 4, 4, 5, 4, 3, 4 என்று சொன்னதாகக் கொள்வோம். சராசரி 4, விலக்க வர்க்கச் சராசரி (ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, ஐந்தால் வகுத்தால்) 0.4, ஆகவே குறியீடு 0.80. இன்னொரு படகில் 5, 5, 5, 1, 2, 2 என்று வந்தால் விலக்க வர்க்கச் சராசரி ஏறத்தாழ 3.47 ஆகிக் குறியீடு சுழிக்குக் கீழே போய்விடும். வழக்கப்படி அதைச் சுழியாகக் கொள்வார்கள். இரண்டாம் படகின் சராசரி 3.33 என்று அட்டவணையில் பார்த்தால் சுமாரான படகு என்று தோன்றும். அப்படி எண்ணுபவர் எவரும் அந்தப் படகில் இல்லை. மூவருக்கு அது மிகச் சிறந்த படகு, மூவருக்கு மோசமான படகு.

மரியாதைக்காக எல்லோரும் மேல்பக்கம் சாய்ந்து பதிலளிக்கும் இடத்தில் சமவாய்ப்புப் பரவலை ஒப்பீட்டுக்கு எடுப்பது தாராளமான கணக்கு. சற்றே சாய்ந்த பரவலுக்கு 2-க்குப் பதிலாக 1.34 என்ற மதிப்பை எடுத்தால் முதல் படகின் குறியீடு 0.80-இலிருந்து 0.70 ஆகக் குறைகிறது. இரண்டையும் அறிக்கையில் தருவது நேர்மையானது.

பல கூற்றுகளைச் சேர்த்துக் கணக்கிடும் வடிவத்தில் ஒரு பொறி உண்டு. கூற்றுகளின் எண்ணிக்கை கூடக்கூடக் குறியீடு தானாகவே ஏறும். 14 கூற்றுகளின் சராசரி விலக்க வர்க்கச் சராசரி 1.2 என்று வைத்துக்கொண்டால், ஒரு கூற்றளவில் உடன்பாடு வெறும் 0.40, பதினான்கையும் சேர்த்த வாய்பாட்டில் அதுவே 0.90 ஆகிவிடுகிறது. வழக்கமான எல்லையான 0.70-ஐத் தாண்டிவிட்டது என்று மகிழ்ந்து எழுதப்படும் பல அறிக்கைகளின் இரகசியம் இதுதான். அதனால் சராசரி விலகலையும் (பதில்கள் சராசரியிலிருந்து விலகும் தூரங்களின் சராசரி) உடன் தாருங்கள். ஐந்து நிலைப் பதிலுக்கு அது 0.83-க்குள் இருக்கவேண்டும் என்பது பர்க், டன்லப் ஆகியோர் 2002-இல் வகுத்த எல்லை. மேலே கண்ட முதல் படகுக்கு அது 0.33.

உடன்பாடு இருந்தால் மட்டும் போதாது, படகுக்குப் படகு வேறுபாடும் இருக்கவேண்டும். எல்லாப் படகிலும் எல்லோரும் 4 என்றால் உடன்பாடு உச்சத்தில் இருக்கும். அளவுகோல் எதையும் பிரித்தறிந்திருக்காது. இதற்கு அகத்தொகுதி ஒட்டுறவுக் கெழு, அதாவது ஐசிசி, இரண்டு வகையில் கணக்கிடப்படுகிறது. ஆறு பேர் கொண்ட படகுகளில் மாறுபாட்டின் அளவான சராசரி வர்க்கம் குழுக்களுக்கிடையே 1.5, குழுக்களுக்குள்ளான சராசரி வர்க்கம் 0.6 என்றால் ஐசிசி-1 மதிப்பு 0.20. ஒருவர் பதிலில் காணும் மாறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு அவர் எந்தப் படகில் இருக்கிறார் என்பதால் வந்தது என்று இதற்குப் பொருள். இது நல்ல மதிப்பே. ஆனால் அந்தப் படகின் சராசரி எவ்வளவு நம்பகமானது என்று காட்டும் ஐசிசி-2 இங்கே 0.60 மட்டுமே. அதே ஐசிசி-1 உள்ள கரைவலையில் பத்துப் பேரைக் கேட்டிருந்தால் ஐசிசி-2 மதிப்பு 0.71 ஆகியிருக்கும். ஐந்து பேர் படகில் 0.70-ஐத் தொட ஐசிசி-1 ஏறத்தாழ 0.32 ஆக இருக்கவேண்டும். அது எளிதில் வருவதில்லை. சிறு படகுகளில் ஐசிசி-2 குறைவாக வந்தால் அளவுகோலை உடனே பழிக்கவேண்டாம், ஆள் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

காரணிப் பகுப்பாய்வு

புதிய அளவுகோலானால் தரவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் காரணிகளைத் தேடியும் மறுபாதியில் உறுதிசெய்தும் பார்க்கவேண்டும். ஆட்களைப் பிரிக்கக்கூடாது, படகுகளைப் பிரிக்கவேண்டும். ஒரே படகின் ஆட்கள் இரு பாதியிலும் இருந்தால் இரண்டாவது சோதனை தனிச்சோதனை ஆகாது. எத்தனை காரணிகள் என்பதற்கு ஹார்ன் 1965-இல் தந்த இணைப் பகுப்பாய்வை (தற்செயலாக உருவாக்கிய தரவுடன் ஒப்பிடுவது) பயன்படுத்துங்கள்.

உறுதிசெய்யும் கட்டத்திற்கு ஆர் மென்பொருளின் லாவான் தொகுப்பு விலையின்றிக் கிடைக்கிறது. படகின் குறியீட்டை ‘கிளஸ்டர்’ என்ற இடத்தில் கொடுத்தால் இரு மட்டக் கணித மாதிரியை அது கணக்கிடும். கணித மாதிரி தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் குறியீடுகளுக்கு ஹூ, பெண்ட்லர் 1999-இல் சொன்ன எல்லைகளை, அதாவது சிஎஃப்ஐ குறைந்தது 0.95, ஆர்எம்எஸ்இஏ அதிகபட்சம் 0.06, எஸ்ஆர்எம்ஆர் அதிகபட்சம் 0.08 என்பவற்றை, எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரு மட்ட மாதிரியில் முதல் இரண்டும் பெரும்பாலும் ஆட்களின் மட்டத்தையே காட்டும், ஏனென்றால் ஆட்கள் ஐந்நூறு, படகுகள் நூறு. நமக்கு வேண்டிய படகு மட்டம் முற்றிலும் பொருந்தாமல் இருந்தும் சிஎஃப்ஐ 0.96 வரலாம். எனவே எஸ்ஆர்எம்ஆர் குறியீட்டை ஒவ்வொரு மட்டத்துக்கும் தனியே பாருங்கள்.

ஒரு காரணி மாதிரி, மூன்று காரணி மாதிரி ஆகிய இரண்டையும் ஒப்பிடவேண்டும். மூன்று காரணிகளுக்கும் மேல் ‘கூட்டு ஊக்கம்’ என்ற பொதுக் காரணியை வைத்து, அது நன்றாகப் பொருந்துகிறது என்று எழுதுவதில் எச்சரிக்கை தேவை: கீழே மூன்றே காரணிகள் இருக்கும்போது அந்த மாதிரியும் ஒட்டுறவுள்ள மூன்று காரணி மாதிரியும் எண்ணளவில் ஒன்றே. பொருத்தக் குறியீடுகள் அச்சாக ஒன்றாக வரும் என்பதால் அவற்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நம்பகத்தன்மைக்கு ஆல்பாவைவிட, எல்லாக் கூற்றுகளுக்கும் ஒரே சுமை என்று கொள்ளாத ஒமேகாவை இரு மட்டத்திலும் தனித்தனியே தருவது மேல்.

விசைப்படகு ஆண்களையும் பாசி வளர்க்கும் பெண்களையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட எண்ணினால் அளவீட்டுச் சமத்தன்மையை (இரு தரப்பிலும் கூற்றுகள் ஒரே விதமாக அளக்கின்றனவா என்பதை) சோதித்தாகவேண்டும். காரணிகளின் அமைப்பு, சுமைகள் (கூற்றுக்கும் காரணிக்கும் உள்ள தொடர்பின் வலிமை), வெட்டுகள் (கூற்றுகளின் தொடக்க மதிப்புகள்) என ஒவ்வொன்றாகச் சமமாக்கிக்கொண்டே போகும்போது சிஎஃப்ஐ 0.01-க்கு மேல் குறையாமல் இருந்தால் ஏற்கலாம். வெட்டுகளில் தவறினால் சராசரிகளை ஒப்பிடும் உரிமை உங்களுக்கு இல்லை.

வெளியிலிருந்து சான்று

முதலில், இது வேறு பெயரில் வந்த பழைய கருத்து அல்ல என்று காட்டவேண்டும். ஷௌஃபெலியின் பணி ஈடுபாட்டு அளவுகோல், குழுவின் ஒட்டிணக்கம், கூட்டுத் தன்னம்பிக்கை ஆகிய மூன்றும் நெருங்கிய அண்டைகள். இரு கருத்துகளின் கூற்றுகள் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று காட்டும் எச்டிஎம்டி விகிதம் 0.85-க்குக் கீழே இருந்தால் இரண்டும் வெவ்வேறு என்று ஏற்கலாம். இதையும் படகு மட்டத்திலேயே பார்க்கவேண்டும்.

மீன்பாட்டை நேரடியாக வெளி அளவையாக எடுப்பது பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. கடலும் காற்றும் நிலவும் முடிவுசெய்வதை ஆட்களின் ஊக்கத்தின் கணக்கில் எழுதக்கூடாது. அதே நாளில் அதே தளத்தில் இறங்கிய படகுகளின் சராசரியிலிருந்து இந்தப் படகு எவ்வளவு விலகியது என்பதை எடுத்தால் கடலின் பங்கு ஓரளவு கழிந்துவிடும். படகின் நீளமும் எஞ்சின் திறனும் அப்போதும் கட்டுப்படுத்தப்படவேண்டும். ஐஸ் ஏற்றி டீசல் நிரப்பிப் புறப்பட ஆகும் நேரம், கிழிந்த வலை அடுத்த நடைக்குள் தயாராகிறதா என்பவை இன்னும் நெருக்கமான அளவைகள். இவற்றை ஊக்கம் பற்றிப் பதில் சொன்ன ஆளிடமே கேட்டால் ஒட்டுறவு செயற்கையாக உயரும். உரிமையாளரிடமோ இறங்குதளத்தில் நின்று நேரடியாகவோ குறித்துக்கொள்ளவேண்டும். பாசி மிதவைகளில் ஓர் அறுவடைச் சுற்று ஏறக்குறைய 45 நாள் என்பதால், சுற்றின் நடுவில் ஊக்கத்தையும் முடிவில் விளைச்சலையும் அளப்பது இயல்பாக அமையும்.

இந்தக் கடற்கரை ஆய்வாளருக்குத் தரும் அரிய வாய்ப்பு தடைக்காலமேதான். தடை விசைப்படகுகளுக்கு உண்டு, நாட்டுப்படகுகளுக்கு இல்லை. ஜூன் நடுவில் கடல் திறந்ததும் விசைப்படகுகளில் எதிர்பார்ப்பும் பரபரப்பும் ஏறும். தடைக்காலத்தில் நல்ல விலை கண்ட நாட்டுப்படகுகளில் அந்த ஏற்றம் இருக்காது, சற்றுக் குறையவும் செய்யலாம். உண்மையாகவே ஊக்கத்தை அளக்கும் கருவி, ஏப்ரல் தொடக்கத்திலும் ஜூன் இறுதியிலும் எடுத்த இரு அளவுகளில் இந்த வேறுபாட்டைக் காட்டவேண்டும். ஜூன் இறுதிக்குள் ஆட்கள் பலர் மாறிவிட்ட படகுகளை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். அங்கே அளக்கப்படுவது வேறொரு குழு. எந்தத் திசையில் எவ்வளவு மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் தரவு திரட்டும் முன்பே தேதியிட்டு எழுதி வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதும் கருதுகோளைத் தேர்வாளர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அறிக்கையில் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் அது ஆட்களின் மட்டத்தினதா, குழுவின் மட்டத்தினதா என்று குறிப்பிடவேண்டும். உடன்பாடு இல்லாததால் எத்தனை குழுக்களை நீக்கினீர்கள், நீக்காமல் கணக்கிட்டால் முடிவு எப்படி இருந்தது என்ற இரண்டும் அட்டவணையில் இருக்கட்டும். உரிமையாளர்களுக்குத் தரும் சுருக்கத்தில் தனிப்படகு ஒன்றின் மதிப்பெண்ணும் இடம்பெறக்கூடாது. ஒப்புதல் படிவத்திலேயே இந்த உறுதிமொழியை எழுதி, படித்துக்காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.